கட்டியின் கொழுப்பு, தட்டின் கொழுப்பு, சீன மருந்து

காங்லைட் என்ற சீன ஊசி மருந்து பார்ப்பதற்குப் பால் மாதிரி இருக்கும். 100 மில்லி கண்ணாடிப் புட்டி. உள்ளே 10 கிராம் எண்ணெய், அது தண்ணீரில் பிரியாமல் நிற்க சோயா லெசித்தின், இரத்தத்தின் செறிவுக்கு ஈடாகக் கொஞ்சம் கிளிசரால். அவ்வளவுதான் சரக்கு. எண்ணெய் பிழிவது யியிரென் என்ற விதையிலிருந்து. தமிழில் நெற்பவளம் என்று அகராதி சொல்லும் புல்லினம் இது. இந்தியாவின் வடகிழக்கு மலைகளில் இதன் மணியைக் கோத்து மாலை கட்டுவார்கள். சிங்கப்பூர், மலேசியச் சீன மளிகைக் கடைகளில் ‘சீன பார்லி’ என்று பொட்டலம் போட்டு விற்பதும் இதைத்தான். ஹாங்ஜோ நகரில் லி தாபெங் என்ற மருத்துவரின் குழு உருவாக்கிய இந்த மருந்து 1990களின் நடுவில் சீனாவில் அனுமதி பெற்றது. அறுவை செய்ய முடியாத நுரையீரல் புற்றுக்கும் ஈரல் புற்றுக்கும் இன்றுவரை அங்கே ஏற்றுகிறார்கள்.

கட்டி கொழுப்பைத் தின்று வளர்கிறது என்று ஒரு பக்கம் ஆராய்ச்சி சொல்கிறது. இன்னொரு பக்கம், புற்றுநோயாளிக்கு நரம்பு வழியாக எண்ணெயையே மருந்தென்று ஏற்றுகிறார்கள். வாட்ஸப்பில் சுற்றும் ‘கொழுப்பை நிறுத்து, கட்டி பட்டினி கிடந்து சாகும், சீன மூலிகை செய்வதும் அதுதான்’ என்ற செய்தியோடு இது எப்படிப் பொருந்தும்? பொருந்தாது. கட்டிக்குள் தயாராகும் கொழுப்பு, இரத்தத்தில் ஓடும் கொழுப்பு, சாப்பாட்டுத் தட்டில் விழும் கொழுப்பு மூன்றும் வேறு வேறு. மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் நோயாளியின் வீட்டில் தப்பான முடிவுகள் எடுக்கப்படுகின்றன.

முதலில் கட்டிக்குள் இருப்பது. வளர்ந்த மனிதரின் பெரும்பாலான செல்கள் கொழுப்பைத் தாங்களே செய்துகொள்வதில்லை. இரத்தத்தில் வருவதை எடுத்துக்கொள்ளும். சொந்தமாகச் செய்யும் வேலை ஈரலுக்கும், கொழுப்புத் திசுவுக்கும், பால் சுரக்கும் மார்புக்கும், தோலின் எண்ணெய்ச் சுரப்பிக்கும்தான் பெரிதாக உண்டு. புற்றுச் செல்கள் இந்த ஒழுங்கை மீறுகின்றன. கட்டித் திசு சர்க்கரையிலிருந்து கொழுப்பு அமிலம் செய்கிறது என்பதை மீடெஸ், தாமஸ், வைன்ஹவுஸ் மூவரும் 1953இலேயே காட்டிவிட்டார்கள். நாற்பது ஆண்டு அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1994இல் பால்டிமோரில் குஹாய்டாவின் குழு, மோசமான மார்பகப் புற்றுகளில் தென்பட்ட ஒரு புரதம் கொழுப்பமில சிந்தேஸ் என்ற நொதிதான் என்று அடையாளம் கண்டபிறகுதான் மருந்துத் துறை விழித்துக்கொண்டது.

அந்த நொதி செய்வது ஒரு தொடர் வேலை. அசிட்டைல் கோ-ஏ என்ற சிறு கார்பன் துண்டு ஒன்றும் மலோனைல் கோ-ஏ என்ற துண்டு ஏழும் எடுத்து, 14 என்ஏடிபிஎச் என்ற துணை மூலக்கூறுகளைச் செலவழித்து, 16 கார்பன் நீளமுள்ள பால்மிட்டிக் அமிலம் ஒன்றைக் கோத்து முடிக்கும். இரண்டாகப் பிரியும் செல்லுக்குப் புதுச் சவ்வு வேண்டும். அந்தச் சவ்வுக்கான கச்சாப் பொருள் இது. மூலப்பொருள் சர்க்கரையிலிருந்தும் குளுட்டமின் என்ற அமினோ அமிலத்திலிருந்தும் அசிட்டேட்டிலிருந்தும் வருகிறது. தட்டில் எண்ணெய் துளிகூட இல்லாவிட்டாலும் கட்டியால் கொழுப்பு செய்துகொள்ள முடியும் என்பதை இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.

எல்லாக் கட்டியும் ஒரே வழியில் போவதில்லை. சூலகப் புற்று வயிற்றுக்குள் பரவும்போது குடலைப் போர்த்தியிருக்கும் கொழுப்பு மடிப்பைத் தேடிப் போய் ஒட்டுகிறது. அங்குள்ள கொழுப்புச் செல்கள் புற்றுச் செல்லுக்கு நேரடியாகக் கொழுப்பு அமிலம் ஊட்டுகின்றன என்று 2011இல் சிகாகோவிலிருந்து வந்த ஆய்வு காட்டியது. புராஸ்டேட் புற்று தொடக்கத்தில் கொழுப்பை எரித்துப் பிழைத்து, சர்க்கரையைக் குறைவாகவே எடுப்பதால், சர்க்கரை எங்கே சேர்கிறது என்று பார்க்கும் வழக்கமான பெட் ஸ்கேனில் சரியாகத் தெரியாமல் போவதுண்டு. சிறுநீரகத்தில் வரும் ‘தெளிசெல்’ புற்றின் பெயரே கொழுப்பால் வந்தது. செல் முழுக்கக் கொழுப்புத் துளியும் கிளைக்கோஜனும் அடைந்திருக்கும். பயாப்சித் துண்டை ஆல்கஹாலிலும் சைலீனிலும் கழுவும்போது கொழுப்பு கரைந்து ஓடிவிடும். நுண்ணோக்கியில் நோயியல் மருத்துவர் பார்ப்பது அந்தக் காலி இடத்தைத்தான்.

இப்போது எண்ணெய் ஊசிக்குத் திரும்பலாம். நெற்பவள எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் ஏறத்தாழப் பாதி ஒலியிக், மூன்றில் ஒன்றை ஒட்டி லினோலியிக், மிச்சத்தில் பெரும்பங்கு பால்மிட்டிக். நம் கடலை எண்ணெயின் விகிதமும் கிட்டத்தட்ட இதேதான். சீன மருந்துநூலில் (மருந்துகளின் தர விதிகளைச் சொல்லும் அரசு நூல்) இந்த விதையின் தரத்தை அளக்கப் பயன்படும் பொருளும் ட்ரையோலின். உலர்ந்த விதையில் 0.50 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்பது விதி. ட்ரையோலின் ஆலிவ் எண்ணெயில் மண்டிக் கிடக்கும் சாதாரணக் கொழுப்பு. அப்படியென்றால் இந்த எண்ணெயில் புற்றைத் தாக்குவது எது?

ஜப்பானில் 1961இல் இந்த விதையிலிருந்து காய்க்ஸனோலைடு என்ற பொருளைப் பிரித்து, கட்டிக்கு எதிரானது என்று எழுதினார்கள். பின்னால் வந்த சீன ஆய்வுகள் விதைச் சாறு ஆய்வகக் குழாயில் கொழுப்பமில சிந்தேஸைத் தடுப்பதாகக் காட்டின. காகிதத்தில் பார்க்க அழகான கதை. ஆனால் நீள் சங்கிலிக் கொழுப்பு எதைக் கொடுத்தாலும் செல் தன் சொந்த உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். உற்பத்தியின் முதல் படியில் நிற்கும் கார்பாக்ஸிலேஸ் நொதியைக் கொழுப்பு அமிலத்தின் கோ-ஏ வடிவமே அடக்கிவிடும். லினோலியிக் போன்ற பலநிறைவுறா அமிலங்கள் இந்த நொதிகளின் மரபணுக்களை முடுக்கும் புரதத்தையும் தணிக்கும். ஆகவே, ‘எண்ணெய் ஊற்றினோம், கொழுப்பு உற்பத்தி குறைந்தது’ என்பது நெற்பவளத்தின் தனிக் குணத்துக்குச் சாட்சி ஆகாது. அதே அளவு சோயா எண்ணெய்ப் பால்மத்தை (எண்ணெய் பிரியாமல் தண்ணீரில் கலந்த பாலை)ப் பக்கத்துக் குழாயில் ஊற்றிப் பார்த்திருக்க வேண்டும்.

மனிதர்களில் நடந்த சோதனைகளிலும் இதே ஓட்டை. சீனாவில் வெளியானவற்றில் பெரும்பாலும் ஒரு குழுவுக்குக் கீமோவும் காங்லைட்டும், மறு குழுவுக்கு வெறும் கீமோ. பால் நிறத்தில் டிரிப்ஸ் ஏறுவது நோயாளிக்கும் தெரியும், மருத்துவருக்கும் தெரியும். ‘உடம்பு தேவலை, வலி குறைந்தது, எடை ஏறியது’ என்பவை பார்வைக்கு எளிதில் வளைந்துகொடுக்கும் அளவீடுகள். தினம் 200 மில்லி ஏற்றினால் எண்ணெய் மட்டும் 20 கிராம், அதாவது 180 கிலோகலோரி. சாப்பிட முடியாமல் கிடப்பவருக்கு மூன்று வாரம் தினமும் 180 கிலோகலோரி கிடைத்தால் எடை நிலைப்பதில் வியப்பில்லை. அமெரிக்காவில் கணையப் புற்றுக்கு ஜெம்சிட்டபின் என்ற கீமோ மருந்தோடு சேர்த்து இரண்டாம் கட்ட சோதனை வரை போனது உண்மை. மூலிகை ஊசி ஒன்று அவ்வளவு தூரம் போனதே பெரிய விஷயம். ஆனாலும் சிறு குழுவில் நடக்கும் இரண்டாம் கட்டம் தீர்ப்பு அல்ல.

கொழுப்பமில சிந்தேஸை மனித உடலில் உண்மையாகவே தடுத்தால் எப்படியிருக்கும் என்று நமக்கு இப்போது தெரியும். டெனிஃபான்ஸ்டாட் என்ற மாத்திரை அந்த நொதியை நேராகப் பிடித்து நிறுத்துகிறது. புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்தபோது உள்ளங்கை உள்ளங்கால் தோல் சிவந்து உரிந்தது, முடி கொட்டியது, கண் வறண்டது. தோலின் எண்ணெய்ச் சுரப்பே குறைவதால் இதை முகப்பருவுக்கும் சோதித்தார்கள். காங்லைட்டின் விவரத்தாளில் இருக்கும் பக்கவிளைவுகள் வேறு வகை: குளிர் நடுக்கம், காய்ச்சல், லேசான குமட்டல், ஈரல் நொதிகள் தற்காலிகமாக ஏறுதல். இவை எந்தக் கொழுப்புப் பால்மத்துக்கும் வரக்கூடியவை. நொதியைத் தடுத்ததற்கான தடயம் அந்தப் பட்டியலில் இல்லை. என் கணிப்பு: இந்த ஊசியால் நன்மை இருந்தால், அதில் பாதிக்கு மேல் ஊட்டத்தால் வருவது.

அதே விவரத்தாளில் இரண்டு மொழிகள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். ‘மண்ணீரல் தளர்ந்து ஈரம் தேங்கிய’ நோயாளிக்கு ஏற்றது என்பது சீன மரபின் மொழி. ‘கொழுப்பு வளர்சிதை கடுமையாகச் சீர்குலைந்தவர்களுக்குக் கூடாது’ என்பது நவீன மருத்துவத்தின் மொழி. தேங்கிய ஈரமும் சளியும்தான் இரத்தக் கொழுப்பு என்று சீனத்தில் பலர் இப்போது எழுதுகிறார்கள். அது வசதியான சமன்பாடு, அவ்வளவுதான். நாக்கில் மாவு படிந்திருப்பதைப் பார்த்து ‘ஈரம்’ என்று முடிவு செய்த ஒருவரின் ட்ரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பு 90ஆக, அதாவது சாதாரண அளவில், இருக்கலாம். ஊசி ஏற்றலாமா வேண்டாமா என்பதை இரத்தப் பரிசோதனைதான் சொல்லும்.

ஏற்றும் இடத்தில் கவனிக்க வேண்டியவற்றைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் வரும். வழக்கமான அளவு தினம் ஒரு முறை 200 மில்லி, 21 நாள் ஒரு சுற்று, அடுத்த சுற்றுக்கு முன் 3 முதல் 5 நாள் இடைவெளி. கீமோவோ கதிர்வீச்சோ கூட நடந்தால் அளவைக் குறைப்பார்கள். முதல் தடவை ஏற்றும்போது முதல் 10 நிமிடம் நிமிடத்துக்கு 20 சொட்டு. 20 நிமிடம் தாண்டியதும் கொஞ்சம் கூட்டலாம். அரை மணிக்குப் பிறகு 40 முதல் 60 சொட்டு. அவசரப்பட்டுத் திறந்துவிட்டால் நடுக்கமும் காய்ச்சலும் வரும். புட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மேலே எண்ணெய்ப் படலமோ, கீழே தண்ணீர்ப் பட்டையோ தெரிந்தால் தூக்கி எறிய வேண்டியதுதான். பிரிந்த எண்ணெயின் பெரிய துளி நுரையீரலின் நுண்குழாயை அடைத்துவிடும். குலுக்கிச் சேர்க்கப் பார்க்கக் கூடாது.

வேறு எந்த மருந்தையும் இந்தப் புட்டிக்குள் குத்தக் கூடாது. பொட்டாசியம், கால்சியம் போன்ற உப்புகள் பால்மத்தை உடைக்கும். முனையில் வடிகட்டி உள்ள டிரிப் செட் தேவை. சாதாரண மருந்துக்கான 0.22 மைக்ரான் வடிகட்டி எண்ணெய்த் துளியால் அடைந்துபோகும். கொழுப்பு ஏற்ற 1.2 மைக்ரான்தான் வழக்கம். பிவிசி குழாயிலுள்ள இளக்கிப் பொருளை எண்ணெய் உறிஞ்சிக்கொண்டு வரும் என்பதால் அந்த இளக்கி இல்லாத குழாய் நல்லது. குளிர்காலத்தில் புட்டியை 30 டிகிரிக்குச் சூடாக்கிக்கொண்டால் நரம்பு எரியாது. நரம்பு சிவந்து தடித்தால் மருந்துக்கு முன்னும் பின்னும் 50 முதல் 100 மில்லி சலைன் விட்டுக் கழுவலாம்.

யாருக்குக் கூடாது? கணைய அழற்சி, அதிர்ச்சி நிலை, நோயாகவே ஏறிய இரத்தக் கொழுப்பு, கர்ப்பம். சோயா ஒவ்வாமை உள்ளவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும். இன்னொன்றைப் பலர் மறந்துவிடுவார்கள். எண்ணெய் ஏறிக்கொண்டிருக்கும்போதோ ஏறி முடிந்த கையோடோ இரத்தம் எடுத்தால் சீரம் பால் மாதிரி கலங்கி வரும். அந்த மாதிரியில் சோடியம் பொய்யாகக் குறைந்தும் ஹீமோகுளோபின் பொய்யாக ஏறியும் காட்டலாம். கீமோவுக்கு முந்தைய ரிப்போர்ட்டை நம்பித்தான் மருந்தளவு போடுவார்கள். எனவே அன்றைய ஊசிக்கு முன், காலையிலேயே இரத்தம் கொடுத்துவிடுவது சரி.

இதே குடும்பத்தில் இன்னும் இரண்டு உண்டு. யாதான்ஸி என்ற விதையெண்ணெய்ப் பால்மத்தை 10 முதல் 30 மில்லி எடுத்து 250 மில்லி சலைனில் கலந்து உடனே ஏற்றுவார்கள். மஞ்சள் இனக் கிழங்கிலிருந்து எடுக்கும் எலிமீன், நரம்பைப் புண்ணாக்குவதில் பேர்போனது. எலிமீன் டெர்பீன் வகை, கொழுப்பு அல்ல. பால் நிறத்தைப் பார்த்து எல்லாம் ஒன்றுதான் என்று நினைக்க வேண்டாம்.

சரி, ஊசி கிடைக்காது, யியிரெனை வாங்கிக் கஞ்சி வைத்துக் குடித்தால்? கணக்குப் போட்டுப் பாருங்கள். கஷாயத்துக்கான அளவு 9 முதல் 30 கிராம். விதையில் கொழுப்பு 5 முதல் 7 சதவீதம். 30 கிராமில் ஒன்றரை முதல் இரண்டு கிராம் எண்ணெய். வேகவைத்த தண்ணீரை மட்டும் வடித்துக் குடித்தால் அதிலும் பெரும்பகுதி சக்கையோடு போய்விடும், எண்ணெய் தண்ணீரில் கரையாதே. ஊசியின் 20 கிராமை எட்ட 300, 400 கிராம் விதையை முழுதாகத் தின்ன வேண்டும். தின்றாலும் குடலில் லைபேஸ் நொதி வெட்டி, மற்ற எந்த எண்ணெயையும் போலத்தான் உள்ளே அனுப்பும். கஞ்சியாகக் குடிப்பதில் தப்பில்லை. வறுத்த விதை வயிற்றுப்போக்கை நிறுத்த ஏற்றது என்பது சீன மருத்துவர்களின் அனுபவம். மருந்து என்று நம்பிக் கீமோவைத் தள்ளிப்போடாமல் இருந்தால் சரி.

வாங்கும்போது விதையின் நடுப்பள்ளத்தைப் பாருங்கள். அந்த வரிப்பள்ளத்தில் கறுப்போ பச்சையோ தூசு மாதிரி ஒட்டியிருந்தால் அது பூஞ்சை. எண்ணெய்ச் சிக்கு வாடை அடித்தாலும் வேண்டாம். சீன மருந்துநூல் இந்த விதைக்கு அஃப்லாடாக்ஸின் வரம்போடு ஸியரலினோன் என்ற பூஞ்சை நஞ்சுக்கும் கிலோவுக்கு 500 மைக்ரோகிராம் என்று தனியாக வரம்பு போட்டிருக்கிறது. ஸியரலினோன் உடலில் ஈஸ்ட்ரோஜன் மாதிரி நடந்துகொள்ளும். ஹார்மோன் சார்ந்த மார்பகப் புற்றுக்கு மருந்து சாப்பிடும் பெண் பூஞ்சை பிடித்த யியிரெனைத் தினம் கஞ்சி குடிப்பது, ஒரு கையால் விளக்கை அணைத்து மறு கையால் ஏற்றும் வேலை.

எண்ணெயை விட்டால், கொழுப்பு வளர்சிதை என்ற பேச்சில் அடுத்து வரும் பெயர் பெர்பெரின். ஹுவாங்லியான் என்ற கசப்பு வேரின் மஞ்சள் சத்து. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் மரமஞ்சளிலும் இருப்பது இதுவே. இரத்தக் கொழுப்பைக் குறைப்பதற்கு இதற்கு நல்ல சான்று உண்டு. 2004இல் ஜியாங் ஜியான்டொங் குழு 32 பேருக்கு மூன்று மாதம் கொடுத்ததில் மொத்தக் கொலஸ்ட்ரால் 29 சதவீதமும் ட்ரைகிளிசரைடு 35 சதவீதமும் எல்டிஎல் 25 சதவீதமும் இறங்கின. செல்லுக்குள் இது ஆற்றல் ஆலையான மைட்டோகாண்ட்ரியாவின் முதல் புரதத் தொகுதியை மட்டுப்படுத்தி, ஆற்றல் குறைந்துவிட்டது என்ற சமிக்ஞையைத் தட்டி எழுப்புகிறது. அந்தச் சமிக்ஞை கார்பாக்ஸிலேஸ் நொதியைப் பூட்டுகிறது. மலோனைல் கோ-ஏ குறைகிறது. புதுக் கொழுப்பு செய்வது நின்று, இருக்கும் கொழுப்பை எரிப்பது தொடங்குகிறது.

படிக்கும்போதே ஒரு கேள்வி உறுத்த வேண்டும். கொழுப்பு செய்து பிழைக்கும் கட்டிக்கு இது அடி. கொழுப்பை எரித்துப் பிழைக்கும் கட்டிக்கு? அதற்கு மலோனைல் கோ-ஏ குறைவது வசதியாகக்கூட இருக்கலாம். எந்தக் கட்டி எந்த வகை என்று பார்க்காமல் ‘கொழுப்பைச் சரிசெய்யும் மூலிகை’ என்று பொதுவாகக் கொடுப்பதில் இந்த ஆபத்து இருக்கிறது.

பெர்பெரினுக்குப் புற்றுத் தொடர்பில் உள்ள பலமான சான்று சிகிச்சையில் இல்லை, தடுப்பில் இருக்கிறது. ஷாங்காயின் ரென்ஜி மருத்துவமனை தலைமையில், பெருங்குடலில் அடினோமா என்ற, பின்னால் புற்றாக மாறக்கூடிய கட்டி நீக்கப்பட்டவர்களுக்கு 0.3 கிராம் தினம் இரு வேளை, இரண்டு ஆண்டு கொடுத்தார்கள். போலி மாத்திரையோடு ஒப்பிட்ட ஒழுங்கான சோதனை. 2020இல் வெளியான முடிவில் மீண்டும் கட்டி முளைத்தது பெர்பெரின் குழுவில் 36 சதவீதம், மறு குழுவில் 47 சதவீதம். மருந்து குடலுக்குள்ளேயே நேராகப் படும் இடம் இது. வாய்வழி சாப்பிடும் பெர்பெரினில் நூற்றில் ஒரு பங்குகூட இரத்தத்தில் சேர்வதில்லை. குடலில் வேலை செய்ததை வைத்து மூளைக் கட்டிக்கும் கணையக் கட்டிக்கும் நீட்டிச் சொல்வது நேர்மையல்ல.

வேரைக் கஷாயம் போட்டால் அந்த அளவு வருமா என்றால், வராது. ஹுவாங்லியானின் அளவு 2 முதல் 5 கிராம். வேரில் பெர்பெரின் குறைந்தது 5.5 சதவீதம் இருக்க வேண்டும் என்பது விதி. 5 கிராமில் 275 மில்லிகிராம். முழுதும் கரைந்து இறங்கினாலும் சோதனையில் கொடுத்த 600இல் பாதிக்குக் கீழே. கூடவே அதிமதுரம் சேர்த்துக் காய்ச்சினால் இரண்டும் பிணைந்து அடியில் வண்டலாகப் படியும். தெளிவை மட்டும் குடித்துவிட்டு வண்டலைக் கொட்டுபவர்கள் மருந்தைக் கொட்டுகிறார்கள்.

மாத்திரையாகச் சாப்பிடும்போது வேறு தொல்லை. 300 மில்லிகிராம் மூன்று வேளை தொடர்ந்து சாப்பிட்டவர்களில் மருந்துகளைச் செரிக்கும் ஈரலின் சிஒய்பி 2டி6, 2சி9, 3ஏ4 நொதிகள் மூன்றும் மட்டுப்பட்டன. மார்பகப் புற்றுக்கான தமாக்ஸிஃபென் மாத்திரை உடலில் வீரியம் பெறுவதற்கு 2டி6 தேவை. பெர்பெரின் அதை மறித்தால் மாத்திரை விழுங்கியும் பலன் குறையலாம். 3ஏ4 வழியாக வெளியேறும் டோசிடாக்ஸெல், இப்ருட்டினிப், லோர்லாட்டினிப் போன்ற புற்று மருந்துகள் இரத்தத்தில் தேங்கலாம். எலும்பு மஜ்ஜை மாற்றிக்கொண்டவர் சாப்பிடும் சைக்ளோஸ்போரின் அளவு பெர்பெரினோடு ஏறுவது மனிதர்களிலேயே பார்த்த விஷயம். கர்ப்பிணிக்கும் பச்சைக் குழந்தைக்கும் கூடவே கூடாது; மஞ்சள் காமாலை நிறமியான பிலிருபினை, அதைப் பிடித்து வைத்திருக்கும் இரத்தப் புரதத்திலிருந்து பிடுங்கிவிடும். சிங்கப்பூர் 1978இல் இதைத் தடை செய்ததும், பல பத்தாண்டுகள் தளர்த்தாமல் வைத்திருந்ததும் இந்த அச்சத்தால்தான். மரமஞ்சள் கஷாயம் குடிப்பவர்களுக்கும் இதெல்லாம் பொருந்தும்.

பச்சைத் தேநீரைப் பற்றிச் சுருக்கமாக. அதிலுள்ள ஈஜிசிஜி என்ற சத்து கொழுப்பமில சிந்தேஸைத் தடுக்கும் என்று பெய்ஜிங்கில் 2001இல் காட்டினார்கள். பாதி தடுக்கத் தேவைப்பட்ட செறிவு 52 மைக்ரோமோலார். சில கோப்பை குடித்தவரின் இரத்தத்தில் அது 1ஐக்கூட எட்டுவதில்லை. குடிக்கலாம், ரசிக்கலாம். மல்டிபிள் மைலோமா என்ற இரத்தப் புற்றுக்கு போர்ட்டிசோமிப் மருந்து எடுப்பவர் மட்டும் அந்த நாட்களில் விட்டுவிட வேண்டும், ஏனென்றால் ஈஜிசிஜி அந்த மருந்தையே பிடித்துக் கட்டிவிடும். சாற்றுக் கேப்ஸ்யூலாக ஈஜிசிஜி தினம் 800 மில்லிகிராமைத் தாண்டினால் ஈரல் கெடலாம்.

கொழுப்பைக் குறைக்க என்று விற்கும் சீன மூலிகைக் கலவைகளில் நான் அதிகம் அஞ்சுவது வேறு ஒன்றை. 1990களின் தொடக்கத்தில் பிரசெல்ஸில் உடல் மெலியும் மருத்துவமனை ஒன்றில் கொடுத்த மாத்திரைகளில் ஃபாங்ஜி என்ற வேருக்குப் பதில், பேர் ஒத்த குவாங் ஃபாங்ஜி கலந்துவிட்டது. அரிஸ்டோலோகிக் அமிலம் என்ற நஞ்சு உள்ள வேர் அது. நூற்றுக்கு மேற்பட்டோருக்கு, பெரும்பாலும் பெண்களுக்கு, சிறுநீரகம் போயிற்று. முன்னெச்சரிக்கையாகச் சிறுநீரகத்தையும் சிறுநீர்க்குழாயையும் எடுத்துவிட்ட 39 பேரில் 18 பேருக்கு அங்கே புற்று ஏற்கெனவே இருந்தது. மெலிவதற்குச் சாப்பிட்டது புற்றைக் கொண்டுவந்தது. பெயர் ஒத்த வேர்கள் கடையில் மாறுவது இன்றும் நடக்கக்கூடியதுதான், ஆகவே தாவரப் பெயரும் ஆய்வகச் சான்றும் இல்லாத கலவையைத் தொடாதீர்கள்.

லோர்லாட்டினிப், எவெரோலிமஸ் போன்ற புற்று மருந்துகள் இரத்தக் கொழுப்பைத் தாறுமாறாக ஏற்றும். ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயந்து சிவப்பு ஈஸ்ட் அரிசி கேப்ஸ்யூல் வாங்குகிறவர்கள் உண்டு. அதிலுள்ள மொனாகோலின்-கே வேறெதுவும் அல்ல, கொலஸ்ட்ரால் குறைக்கும் லோவாஸ்டாட்டின் மருந்துதான். 3ஏ4 நொதியை அடக்கும் மருந்தோ பெர்பெரினோ கூட ஓடினால் அது தேங்கி, தசை கரைந்து சிறுநீர் தேநீர் நிறத்தில் போகும். புற்று மருத்துவரே ரோசுவாஸ்டாட்டின் போன்ற, அந்த நொதியைச் சாராத ஒன்றை எழுதித் தருவார். சாப்பிடுவதை ஒளிக்காமல் சொன்னால் போதும். மூலிகை எதுவானாலும் அறுவைக்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிடுவது பொதுவான விதி.

கடைசியில் தட்டு. எலிகளில் பால்மிட்டிக் அமிலம் மிகுந்த உணவு, கொழுப்பை உள்ளே இழுக்கும் சிடி36 என்ற ஏற்பியைக் கொண்ட புற்றுச் செல்களின் பரவலைத் தூண்டியது என்று பார்சிலோனா குழு 2017இல் எழுதியது. பின்னால் ஒலியிக்கும் லினோலியிக்கும் அப்படிச் செய்யவில்லை என்றும் அவர்களே காட்டினார்கள். இதை மதித்து ஏதாவது செய்ய வேண்டுமென்றால், ஐந்தில் இரண்டு பங்கு பால்மிட்டிக் உள்ள பாமாயிலைக் குறைத்துக் கடலை எண்ணெய்க்கோ நல்லெண்ணெய்க்கோ மாறலாம். எண்ணெயையே நிறுத்துவது வேறு சங்கதி. ஆறு மாதத்தில் 5 சதவீதத்துக்கு மேல் எடை இறங்கினால் அதைப் புற்று மெலிவு என்று கணக்கில் எடுப்பார்கள். அந்த நிலையில் உடல் இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்க்காது. மாவுச்சத்தைவிடக் கொழுப்பிலிருந்து ஆற்றல் எடுப்பது அதற்கு எளிது. ஐரோப்பிய ஊட்டவியல் வழிகாட்டுதல் இத்தகையோருக்குக் கொழுப்பின் பங்கைக் கூட்டவே சொல்கிறது: கிலோ எடைக்கு 25 முதல் 30 கிலோகலோரி, 1 கிராமுக்கு மேல் புரதம், முடிந்தால் ஒன்றரை.

50 கிலோ எடையுள்ளவருக்கு அது 1250 முதல் 1500 கிலோகலோரி. எண்ணெயில்லாத அரிசிக் கஞ்சியில் இதை எட்ட முடியாது. ஒரு கிண்ணம் குடித்ததுமே வயிறு நிரம்பிவிடும். அதே கஞ்சியில் இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெயும் ஒரு முட்டையும் அடித்துச் சேர்த்தால் 150 கிலோகலோரி கூடும், அளவு பெரிதாகக் கூடாது. கணையப் புற்று உள்ளவருக்கு மட்டும் ஒரு படி கூடுதல். மலம் வெளுத்து, எண்ணெய் மிதந்து, ஃபிளஷ் செய்தாலும் ஒட்டிக்கொண்டு நின்றால் லைபேஸ் போதவில்லை என்று அர்த்தம். வீட்டார் உடனே எண்ணெயை வெட்டுவார்கள். வெட்ட வேண்டாம். கணைய நொதிக் கேப்ஸ்யூலை மருத்துவரிடம் கேளுங்கள். பெரிய சாப்பாட்டுக்கு 40,000 முதல் 50,000 யூனிட் லைபேஸில் தொடங்குவார்கள், சிற்றுண்டிக்கு அதில் பாதி. முதல் வாய் உணவோடு ஒன்று, பாதிச் சாப்பாட்டில் மற்றது. கொதிக்கும் டீயோடு விழுங்கினால் நொதி வெந்து வீணாகும். உணவு முடிந்து அரை மணி கழித்துப் போட்டாலும் பயனில்லை, எண்ணெய் அதற்குள் தாண்டிப் போயிருக்கும்.